கதவைத் தட்டிய பிள்ளைகள்

வாசகர்களே, உச்சி வெயிலில் உங்கள் வீட்டு வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் பை, கையில் ஏதோ காகிதம், நெற்றியெல்லாம் வியர்வை. ஊதுபத்தி விற்கிறவனா, சீட்டுக் கம்பெனி ஆளா, மதத்தைப் பற்றிச் சொல்ல வந்தவனா, தெரியாது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்து வந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உழவர்கரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே, "ஒன்றும் வேண்டாம், போப்பா!" என்று ஒரு குரல் கொடுப்பேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிய குரல் அது. வாசலில் நிற்கிறவன் மறுபேச்சில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமை எப்படிப் போயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2018 நவம்பரில் மகன் வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கப் போயிருந்தேன். மகன் இருப்பது பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும். அங்கே ஒரு சித்தப்பாவோ, பெரியம்மா மகனோ இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. என் மருமகள் வேறு யாருமல்ல, என் அண்ணன் மகள்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் "அத்தை, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள்.

காலையில் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் நானும் நாலாவது மாடிச் சன்னலும்தான். எதிர்க் கட்டடத்தில் எத்தனை சன்னல் என்று மூன்று முறை எண்ணிவிட்டேன். பகல் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். நம் ஊரில் வாசலில் போய் நின்றால் கீரைக்காரியாவது பேசுவாள். அங்கே மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் "போன்ழூர், மதாம்" என்பதோடு சரி.

டிசம்பர் முதல் வாரம். வெளியே ஐஸ் மாதிரி மழை. சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்து பார்த்தால் இரண்டு பையன்கள்! கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. கோட்டில் ஒரு சின்னக் கறுப்புப் பட்டயம். ஒருவன் தலைமுடி சோளக்கதிர் நிறம். இன்னொருவன் நம்மைப் போல மாநிறம், வாட்டசாட்டமானவன். இருவர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போன்ஸ்வார், மதாம். நாங்கள் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து..." என்று வெள்ளைக்காரப் பையன் ஆரம்பித்தான். அவனுடைய பிரெஞ்சு, நாங்கள் பள்ளிக்கூடத்தில் பேசிய பிரெஞ்சைவிடவும் தடுமாறியது.

நான் அவனை முடிக்க விடவில்லை. "நோன், மெர்சி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதே குரல், பாஷைதான் வேறு.

ராத்திரி சாப்பிடும்போது இதைச் சாதாரணமாகச் சொன்னேன். மருமகள், "நல்லது செய்தீர்கள், அத்தை. தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்கவே கூடாது" என்றாள். சற்றுப் பொறுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆனால் அப்பா ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்குச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது.

ஞாபகம் இல்லாமலா? 1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தான். 1963-ல், பத்தொன்பதாவது வயதில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினான். அப்படிப் போனவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தால் பென்ஷனும் மரியாதையும் உண்டு. ஆனால் போன முதல் வருஷம் அவர்கள் பட்ட பாடு பென்ஷன் புத்தகத்தில் எழுதியிருக்காது.

தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா திண்ணையில் வந்து உட்காருவாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணான நான்தான் கடிதம் வாசிப்பேன். ஒரு கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தான்: இங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் கடைத்தெரு முனையில் ஒரு கிழவி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சூடாகச் சூப் கொடுக்கிறாள், நான் அவளுக்கு விறகு பிளந்து போடுகிறேன். அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். "யார் பெற்ற மகராசியோ! இந்தக் கடனை நாம் எப்படியடி தீர்க்கப் போகிறோம்?" என்றாள். பெயர் தெரியாத அந்தக் கிழவிக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினாள்.

அம்மாவும் போய்விட்டாள். அண்ணனும் 2011-ல் போய்விட்டான். கடன் மட்டும் நின்றது. அதை வசூலிக்க ஆள் வந்தபோது நான் கதவைச் சாத்தியிருக்கிறேன்!

மறுநாளிலிருந்து சன்னலில் எனக்கு ஒரு வேலை வந்தது. நாலாம் நாள் அந்த இரண்டு கறுப்புக் கோட்டுகளும் எதிர்க் கட்டடத்திலிருந்து வெளியே வந்தன. சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே ஓடினேன். அறுபத்தேழு வயதில் 'ஓடினேன்' என்று எழுதுவதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

"உள்ளே வாருங்கள், குளிருக்கு ஏதாவது சூடாகக் குடியுங்கள்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மதாம், வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று மாநிறப் பையன் கேட்டான். அவனுடைய பிரெஞ்சு தண்ணீராக ஓடியது. நான் தனி என்றதும், "தவறாக நினைக்காதீர்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் நாங்கள் போகக் கூடாது என்று விதி" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் உள்ளே விடாதபோது வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்கள்! "சரி, மாடிப்படியில் நில்லுங்கள்" என்று சொல்லிக் காப்பி போடப் போனேன். கும்பகோணத்திலிருந்து வாங்கிக்கொண்டு போன பித்தளை பில்டர். டிகாக்ஷன் மணம் நாலு மாடிக்கும் போயிருக்கும். டம்ளரை நீட்டினால், "மன்னிக்க வேண்டும், மதாம். நாங்கள் காப்பி குடிப்பதில்லை" என்கிறார்கள்!

தேநீர்? அதுவும் கூடாது. மது, புகையிலை எல்லாமே விலக்கு. 1833-லிருந்து அவர்கள் சபையில் அப்படி ஒரு போதனையாம். மதுவும் புகையிலையும் சரி. காப்பி என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பின்பு ஒரு யோசனை தோன்றியது. சுக்கு, மிளகு, தனியா, பனைவெல்லம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். "இதன் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். "சுக்குக் காப்பி" என்றேன். இரண்டு டம்ளரும் அப்படியே அந்தரத்தில் நின்றன. பெயரில்தான் காப்பி, உள்ளே ஒரு கொட்டைகூடக் கிடையாது என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் வாயில் வைத்தார்கள். வெள்ளைக்காரப் பையனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது மிளகினால்தான் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, சாப்பிடக் கூப்பிட்டேன். சாம்பாரையும் உருளைக்கிழங்கு வறுவலையும் அவர்கள் ஒரு கை பார்த்தபோது, அவர்கள் தினசரி வாழ்க்கையை நான் ஒரு கை பார்த்தேன். ஆசிரியைக்குக் கேள்வி கேட்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

உலகம் மார்மன்கள் என்று சொல்லும் சபை அவர்களுடையது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. தலைமையிடம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரம். பையன்கள் பதினெட்டு வயதானதும் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் புறப்படலாம். பெண்களும் போகிறார்கள், அவர்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த ஊர் என்று அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமையிலிருந்து வரும் கடிதம்தான் சொல்லும். ஒருவனுக்குப் பக்கத்து மாநிலம், ஒருவனுக்குப் பூமியின் மறுபக்கம்.

வெள்ளைக்காரப் பையன் ஐடஹோ மாநிலத்துக் குடியானவர் மகன். வீட்டில் உருளைக்கிழங்கு விவசாயம். ("அதனால்தான் வறுவல் இரண்டாம் முறை கேட்கிறான்" என்றான் என் மகன், தமிழில்.) யூட்டாவில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சில வாரங்கள் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டார்கள். மற்றவன் தஹீத்தித் தீவுக்காரன். அவர்கள் சபை அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு 1844-லேயே போய்விட்டதாம். பிரெஞ்சுக் கொடி பறக்கும் தீவில் பிறந்தவன், பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் பிறந்த என்னிடம், "இந்தக் குளிர் மட்டும் நம் இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் சொல்லித் தரவில்லையே, மதாம்!" என்றான்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், தாங்களே செய்துகொள்ளும் சிற்றுண்டி. பிறகு வேதப் படிப்பு, பாஷைப் படிப்பு. அப்புறம் தெரு. வீடு வீடாகத் தட்டுவது, ரயில் நிலையத்தருகே போகிறவர் வருகிறவரிடம் பேசுவது, இலவசமாக இங்கிலீஷ் வகுப்பு நடத்துவது, யாராவது வீடு மாற்றினால் சாமான் தூக்குவது. ராத்திரி ஒன்பது மணியளவில் அறைக்குத் திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா இல்லை, டெலிவிஷன் இல்லை, காதல் கண்டிப்பாக இல்லை. ஒருவன் இருக்கும் இடத்தில் மற்றவனும் இருக்க வேண்டும். தனியாகக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கக்கூட முடியாது. அந்த ஜோடியையும் அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வரும். ஒருவன் போவான், ஒருவன் வருவான். நம் பள்ளிக்கூட வாத்தியார்கள் மாற்றல் என்றால் மந்திரி வரை போவார்கள்!

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சம்பளமா? அவர்கள்தான் கட்ட வேண்டுமாம்! அமெரிக்கப் பையன் ஒருவனுக்கு அப்போது மாதம் 400 டாலர். 2020 ஜூலையிலிருந்து அது 500 ஆயிற்று. இரண்டு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ஐடஹோப் பையன் பள்ளிக்கூட நாளிலேயே வயலில் வேலை செய்து சேர்த்திருக்கிறான். மீதி அப்பா கொடுக்கிறார்.

ஒவ்வொருவருக்கும் பட்டம் 'எல்டர்', அதாவது மூத்தவர். மீசை சரியாக அரும்பாத இந்த மூத்தவர்களைப் பார்த்து மருமகள் முதன்முறையாகச் சிரித்தாள்.

இத்தனையும் எதற்கு? "இன்று எத்தனை கதவு தட்டினாய்?" என்று ஒரு நாள் கேட்டேன். ஐடஹோப் பையன் யோசித்து, "எண்ணுவதை நிறுத்திவிட்டேன், மதாம். திறந்தவற்றை மட்டும் எண்ணுகிறேன். அது சுலபமாக இருக்கிறது" என்றான். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற மிட் ராம்னிகூட 1966-லிருந்து இரண்டரை வருஷம் போல இதே பிரான்ஸில், லெ ஹாவ்ர் துறைமுகத்திலும் வேறு ஊர்களிலும் கதவு தட்டினவர்தானாம். 1968-ல் அவர் ஓட்டி வந்த கார் பெரிய விபத்தில் சிக்கி, கூட வந்த அம்மையார் ஒருவர் இறந்துபோனார். அவருமே பிழைத்தது மறுபிறப்பு. திறக்காத கதவுகள் அவருக்கும் ஏராளம் இருந்திருக்கும்.

ஒரு விஷயத்தை நான் மறைக்கவில்லை. "தம்பிகளா, எனக்கு மயிலம் முருகன் இருக்கிறான். உங்கள் புத்தகத்தைக் கொடுத்தால் வாங்கிப் படிப்பேன். மாற மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஐடஹோப் பையன் முகம் கொஞ்சம் வாடியது வாஸ்தவம். தஹீத்திப் பையன் என் நெற்றியைக் காட்டி, "அந்தச் சாம்பல் எதற்கு, மதாம்?" என்று கேட்டான். எல்லாம் கடைசியில் இப்படித்தான் ஆகும் என்பதை மறக்காமல் இருக்க, என்றேன். அவன் தன் பைக்குறிப்பில் அதை எழுதிக்கொண்டான்.

அவன் இன்னொன்றும் கேட்டான்: "உங்கள் ஊருக்கும் எங்களைப் போல யாராவது வந்திருக்கிறார்களா?"

வராமலா! பாரிஸில் பாக் தெருவிலிருக்கும் வெளிநாட்டு மிஷன் மடத்திலிருந்து புதுச்சேரிக்கு எத்தனையோ பாதிரிமார் வந்தார்கள். அபே துபுவா என்பவர் 1792-ல் வந்தார். நம் ஜனங்களைப் போலவே உடுத்து, நம் சாப்பாடே சாப்பிட்டு, 31 வருஷம் தென்னாட்டில் அலைந்தார். நம் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதியதைக் கம்பெனியார் விலைக்கு வாங்கி 1816-ல் இங்கிலீஷில் வெளியிட்டார்கள். ஆனால், இந்தத் தேசத்தாரை மதம் மாற்றுவது ஆகாத காரியம் என்று 1823-ல் அவரே எழுதிவிட்டு ஊர் திரும்பினார்.

உங்கள் சபைக்காரரும் வந்திருக்கிறார் என்று மகன் சொன்னான். ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853-ல் யூட்டாவிலிருந்து கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்து, கையில் காசில்லாமல், ஜனங்கள் இடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வருஷம் போலப் பிரசாரம் செய்தார். சேர்ந்தவர்கள் வெகு சிலர். திரும்பிப் போய்விட்டார்.

ஐடஹோப் பையன் வெகு நேரம் பேசவில்லை. "அவருக்கு யார் சாப்பாடு போட்டார்களோ!" என்றான் கடைசியில். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை, பாருங்கள்.

அவன் கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் மிளகு மட்டுமல்ல என்பது கிறிஸ்துமஸில் தெரிந்தது. திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். துணி துவைத்து, காய்கறி வாங்கி, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதலாம். ஆனால் அம்மாவோடு பேசுவது வருஷத்தில் இரண்டே தடவைதான். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. அந்த டிசம்பரில் பேசிவிட்டு வந்தவன், "அம்மா பேசவே இல்லை, மதாம். அழுதுகொண்டே இருந்துவிட்டாள். நேரம் முடிந்துவிட்டது" என்றான். அடுத்த பேச்சுக்கு மே மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

எனக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மா ஞாபகம்தான் வந்தது.

2019 பிப்ரவரி நடுவில் ஒரு நாள் மணி விடாமல் அடித்தது. திறந்தால் இரண்டு பேரும் குதிக்கிறார்கள். பிப்ரவரி 15 முதல், வாரம் ஒரு முறை வீட்டாரோடு பேசலாம் என்று சபைத் தலைமை உத்தரவிட்டுவிட்டதாம்! அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம், மகன் வேலையிலிருந்து வந்த பிறகு வந்தார்கள். ஐடஹோவில் அப்போது காலை நேரம். டெலிபோன் திரையில் ஒரு அம்மாள்; பின்னால் பனி மூடிய வயல். என்னை அவளிடம் காட்டினான். நான் பிரெஞ்சில், அவள் இங்கிலீஷில், பையன் நடுவில்.

அவள் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? ஊழியம் எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. "அவன் சரியாகச் சாப்பிடுகிறானா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுகிறான், அம்மா. இளைத்துப் போகவில்லை" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்ற மாதிரி ஏதோ சொன்னாள். கைம்மாறா! ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய ஒரு சூப்புக் கணக்கு இது என்று எப்படி விளக்குவது? பக்கத்தில் நின்ற மருமகள்தான் இங்கிலீஷில், "எங்கள் அப்பாவுக்கு ஒருவர் கொடுத்தது. அதைத்தான் அத்தை திருப்பித் தருகிறார்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் அண்ணன் குரல் மாதிரியே இருந்தது.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. ஐடஹோப் பையன் வேறு ஊருக்குப் போனான். ஒரே பெட்டிதான், இரண்டு வருஷ வாழ்க்கை அதற்குள் அடங்கிவிட்டது. மருமகள் ஒரு டப்பாவில் சுக்குப் பொடி இடித்துக் கொடுத்தாள். கதவைத் திறக்கக் கூடாது என்று சொன்ன அதே மருமகள்தான். படி இறங்கும்போது அவன் திரும்பி, எப்படியோ கற்றுக்கொண்டு, "போய்ட்டு வரேன்" என்றான் தமிழில். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! என் மகனாகத்தான் இருக்கும்.

மார்ச்சில் நானும் உழவர்கரைக்குத் திரும்பிவிட்டேன். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. வயலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கலாம். கடிதப் போக்குவரத்து எதுவும் இல்லை. எங்கள் அம்மாவுக்கும் அந்தக் கிழவியின் பெயர் தெரியாதே!

சென்ற வாரம் மத்தியானம் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். தோளில் பை, கையில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் படம் போட்ட காகிதம். வயது பத்தொன்பது இருபதுதான் இருக்கும். பேச்சில் மதுரைப் பக்கத்து இழுப்பு. "ஒன்றும் வேண்டாம்" என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம் லேசில் போகிறதா?

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். "இயந்திரம் வேண்டாம், தம்பி. மோர் சாப்பிடுகிறாயா?" என்றேன்.

திண்ணையில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தான். "காலையிலிருந்து எத்தனை வீடு?" என்று கேட்டேன். "கணக்கு இல்லைங்கம்மா" என்று சிரித்தான். அவனிடம் நான் எதுவும் வாங்கவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. போகும்போது டம்ளரைத் தானே குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அவனுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாள், வாசகர்களே. இன்று ராத்திரி டெலிபோனில் அவள் முதலில் என்ன கேட்பாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.